இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆள்

அத்தியாயம் 14

அப்பா விடிந்ததுமே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரைப் பார்க்கப் போகிறவராகத் தெரியவில்லை. வேலைக்கு நேர்காணலுக்குப் போகிறவர்போல விறைப்பாக இருந்தார்.

மூத்தவள் எட்டரைக்கு வந்து சேர்ந்தபோது அம்மா இன்னும் கிளம்பவில்லை. உள்ளறையில் பீரோவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கண்ணாலேயே கேட்டாள்.

"பொம்பளைங்க கிளம்பறதுன்னா சும்மாவா?" என்றார் அப்பா, தெருவுக்கே கேட்கிற குரலில். காது மந்தமானதிலிருந்து அவருக்கு மெல்லப் பேச வராது.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. அவளுடைய நாலு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு, மழலையர் பள்ளியின் வாசலில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய், ஆயா வகுப்பறைகளைப் பெருக்கி முடித்து, கடைசியில் பள்ளியிலிருந்து மூத்தவளுக்கு போன் வந்தது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றக்கூட மறந்து, வயர் இழுத்துப் பிடிக்க, எழுந்து ஓடினாள்.

அவள் பள்ளியை அடைந்த நேரத்தில்தான் அப்பாவும் அம்மாவும் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா முந்திக்கொண்டார். நான்தான் மறந்துட்டேன், உன் அம்மா மேல தப்பில்லை என்றார்.

அது முதல் தடவை இல்லை. நாலைந்து மாதமாகவே இப்படித்தான். பால் காய்ச்சிய பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது; கேட்டால் அப்பா. யாரோ குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் மாடிப்படி வரை வழிந்தது, ஊரெல்லாம் தண்ணீர் வரவில்லை என்று அவளிடம் புலம்பிக்கொண்டிருந்த நாளில் அது நடந்தது, அதுவும் அப்பா. வீட்டுச் சாவி ஃபிரிட்ஜுக்குள் தக்காளியோடு படுத்திருந்தது, அப்பாதான். ஒவ்வொரு தடவையும் கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து ஒப்புக்கொண்டார்.

வேறு ஊரில் இருக்கும் தம்பி, அந்த வீட்டின் சின்னவன், போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். அவன் ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். ஞாபகம் குறைந்தவர்களுக்கென்றே தனிப் பிரிவு, நாள் முழுக்க ஆள் இருப்பார்கள், ஓர் இடம் காலியாகப் போகிறது. அப்பா பேரைக் கொடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடிக்கிறேன் என்றான். முதலில் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்று அவனை நிறுத்தி வைத்திருந்தாள் மூத்தவள். அவள் கணவர் தொலைதூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எல்லா முடிவும் அவள் தலையில்தான்.

ஒரே ஆறுதல், அம்மாவும் கூட வருகிறேன் என்றது.

அம்மா முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, கல்யாணத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பழுது பார்க்கப் போனபோது கூப்பிட ஆரம்பித்தவர், இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் சிஸ்டர் என்றேதான் கூப்பிடுகிறார். வாண்டுக்கும் அவள் சிஸ்டர்தான். வயிற்றைத் திறந்து வேலை முடித்து மறுபடி தைப்பதற்கு முன், கத்தரி, இடுக்கி, பஞ்சு எல்லாம் உள்ளே போன எண்ணிக்கையில் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவள் பொறுப்பு. எண்ணிக்கை சரியாகும்வரை எவ்வளவு பெரிய டாக்டரானாலும் ஊசியைத் தொட விடமாட்டாள் என்று பேர் எடுத்தவள்.

அம்மா ஒருவழியாக வெளியே வந்தாள். கையில் அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டுகள் அடுக்கிய ஃபைல். முகம் கழுவிப் பவுடர் போட்டு, பளிச்சென்று இருந்தாள்.

"இன்னிக்குப் புதன்கிழமை, சிஸ்டர். பஸ்ல கூட்டம் இருக்காது" என்றார் அப்பா எழுந்தபடி.

பஸ்ஸிலும் அவர் வாய் ஓயவில்லை. இதோ தபால் ஆபீஸ் தாண்டிட்டோம், இன்னும் மூணு ஸ்டாப். மூத்தவ இன்னிக்கு லீவு போட்டிருக்கா. வாண்டு ஸ்கூல்ல இருக்கு, மூணு மணிக்குத்தான் விடும். யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மனசுக்குள் எதுவும் நிற்காததால்தான் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

நினைவாற்றல் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஏறும்போது அப்பா கதவோரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பேரிங் போயிடுச்சு, ஒரு மாசம் தாங்காது என்று அதற்கு ஒரு தேதி குறித்தார். அது ஒன்றுதான் அன்று காலை அவர் இயல்பாகச் சொன்ன வார்த்தை.

நடைபாதையில் இரண்டு வரிசை நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள். யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. எல்லோருடைய முகத்திலும் ஒரே மாதிரித் தூக்கமின்மை.

டோக்கன் எண் பதினாறு. அப்பாவின் பேரைக் கூப்பிட்டபோது, உள்ளே ஒருத்தர்தான் கூட வரலாம் என்றார்கள். நீ போ, நான் ஃபைலை வெச்சுக்கிட்டு உட்கார்றேன் என்றாள் அம்மா. சுவர் ஓர நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து, ஃபைலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

பரிசோதிக்கும் பெண் சின்ன வயசு. அப்பாவுக்குக் காது கேட்காது என்று புரிந்ததும் கத்திப் பேசாமல், கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் காட்டினாள். அவளுடைய அந்தப் பொறுமையைப் பார்த்ததும் மூத்தவளுக்குத் தன் மீதே வெட்கமாக இருந்தது. புகார் சொல்ல போன் செய்யும் முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற பொறுமையைக்கூட அவள் அப்பாவிடம் காட்டி வெகு நாளாகிறது.

இன்று என்ன கிழமை? தெரியாது என்றார் அப்பா. என்ன மாதம்? யோசித்துவிட்டுத் தவறாகச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னதற்கு ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, முள்ளே இல்லாமல் நீட்டினார். குடை, ஆறு, சாவி, ஆசிரியர் என்று பத்து வார்த்தைகள் காட்டினாள். கொஞ்ச நேரம் வேறு கணக்கெல்லாம் கேட்டுவிட்டு, அந்த வார்த்தைகளில் ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னாள். ஒன்றும் ஞாபகம் இல்லை என்றார். பரவாயில்லை, இரண்டு இரண்டாகக் காட்டுகிறேன், எதை முன்பு பார்த்தீர்கள் என்று தொட்டுக் காட்டினால் போதும் என்றாள். பத்து ஜோடி. பத்திலும் அப்பா யோசித்து யோசித்து ஒன்றைத் தொட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த மூத்தவளும் உள்ளுக்குள் கூடவே சரிபார்த்துக்கொண்டு வந்தாள். பத்தும் தப்பு. ஒரு கட்டடம் முழுக்க எந்த ஒயர் எங்கே போகிறது என்று மனதில் வைத்திருந்த மனுஷன்.

அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்களைத் தேய்த்துக்கொண்டே அந்தத் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை அப்பாவுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, உதட்டைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"ஐயா, கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட பத்துல நாலஞ்சு சரியா விழும். பத்தும் தப்பா வரணும்னா, எது சரின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"பரீட்சைல யாரும் வேணும்னே ஃபெயிலாக மாட்டாங்க" என்றார் டாக்டர். "யாருக்காக ஃபெயிலானீங்க?"

மூத்தவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் விறைப்பு மட்டும் மெல்லத் தளர்வது தெரிந்தது. தோள் இறங்கி, முதுகு வளைந்து, காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர் போய் அவரைவிடப் பத்து வயது மூத்தவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லை, டாக்டர். அவளுக்குத்தான்."

அதன் பிறகு அவர் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அம்மா சமையலறையில் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாளாம். என்ன என்று கேட்டதற்கு, இதை எதற்கு எடுத்தேன் என்றாளாம். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரிந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்கினாள். பால் பாத்திரம், குழாய், சாவி எல்லாமே அவள்தான். அவளிடம் அது நீதான் என்று சொல்ல மனசு வரவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை சொன்ன பிறகு அதுவே பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் கிழமையைச் சொல்வார், பஸ்ஸில் ஸ்டாப்பைச் சொல்வார், வருகிறவர் யார் என்று அவர் வாசலில் கால் வைப்பதற்குள் காதில் போட்டுவிடுவார்.

மூத்தவளுக்குப் பஸ் பயணம் முழுவதும் வேறு அர்த்தத்தில் மறுபடி ஓடியது.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

வாண்டைக் கூப்பிடப் போகிறேன் என்று கிளம்பிய அம்மா பள்ளிக்குப் போகவில்லை. பழைய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நேரமாகியும் வராததால் தேடிக்கொண்டு போன அப்பா, தியேட்டர் இருந்த கட்டடத்தின் பக்கவாசலில் அவளைக் கண்டுபிடித்தார். டியூட்டிக்கு வந்திருக்கிறேன், என்னை ஏன் உள்ளே விட மாட்டேன் என்கிறாய் என்று காவலாளியிடம் அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா வாண்டை விட மாட்டே. அது வீட்டுக்கு வர்றதாலதான் அவ எழுந்து நடமாடறா." அவர் தன் கைகளைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா இருந்துடலாம்னு நினைச்சேன். அவ காது எனக்கு, என் ஞாபகம் அவளுக்கு. இத்தனை நாள் ஓடிச்சு."

"என் பிள்ளை ஒன்றரை மணி நேரம் வாசல்ல நின்னுதுப்பா."

"தெரியும்."

கோபம் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிப் பேச உடம்பில் தெம்பில்லை.

அம்மாவை டாக்டரிடம் வா என்றால் வரமாட்டாள். அவருக்குப் பரிசோதனை என்றால் துணைக்கு வருவாள், வந்த இடத்தில் எப்படியாவது அவளையும் காட்டிவிடலாம் என்பது அப்பா போட்ட கணக்கு. நான் ஃபெயிலானால் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்னு நீங்க சொல்லிடுங்க என்று டாக்டரிடம் கெஞ்சினார். டாக்டர் தலையை அசைத்தார். நோயாளியிடம் பொய் சொல்லி ஆரம்பித்தால் கடைசிவரைக்கும் பொய்யிலேயே ஓட்ட வேண்டியிருக்கும், நேராகக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் நினைப்பதைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும் என்றார்.

*

வெளியே அம்மா அதே நாற்காலியில், அதே ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா எதிர் வரிசையில், தண்டனைக்குக் காத்திருப்பவர்போல.

"உங்கப்பா பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டாள் அம்மா.

"ஃபெயிலாகப் பார்த்தார். டாக்டர் விடலை."

அம்மா நடைபாதையில் சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போய் மறையும்வரை பார்த்திருந்தாள்.

"அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன் பாலைக் கரியாக்கினார்னு நீங்கல்லாம் எப்படி நம்பினீங்க?" என்றாள். "எனக்குத் தெரியும். ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கேன். அவர் அவரோட தலைல போட்டுக்கிட்டார். நானும் போட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். அது கொஞ்சம் சௌகரியமா இருந்தது."

மூத்தவள் அவள் கையைப் பிடித்தாள். எலும்பு தெரிகிற, சோப்பில் பல வருடம் ஊறிய கை.

"செவ்வாய்க்கிழமை நான் எங்கே போனேன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"அவர் சொன்னதுதான் எனக்கும் தெரியும். எனக்கு அது ஞாபகமே இல்லை." அம்மாவின் குரல் முதல் முறையாக இறங்கியது. "போன ஞாபகம் இல்லை, நின்ன ஞாபகம் இல்லை. குழந்தை அங்கே நிக்குதுங்கற நினைப்புகூட இல்லாம இருந்திருக்கேன் பாரு."

பிறகு அவளே எழுந்தாள். என்னையும் பார்க்கச் சொல்லு என்றாள். நீ கூட வா, உங்கப்பா வேண்டாம், பின்னாலேயே உட்கார்ந்து ஜாடை காட்டிக்கொண்டிருப்பார் என்றாள். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் எழுந்ததைப் பார்த்து அவரும் எழுந்தார். அவள் கையை அமர்த்திக் காட்டியதும் உட்கார்ந்தார்.

அதே பெண், அதே அட்டைகள். வார்த்தைகள் மட்டும் வேறு. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னபோது அம்மா மூச்சுவிடாமல் இறங்கினாள். அந்தப் பெண்ணாலேயே ஈடுகொடுக்க முடியவில்லை. மூத்தவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை எட்டிப் பார்த்தது. கிழமை சரியாகச் சொன்னாள். வருஷம் கேட்டபோது இரண்டு வருடம் பின்னால் சொன்னாள், கொஞ்சமும் தடுமாறாமல். கடிகாரத்தில் பதினோரு மணி பத்து நிமிஷம் வைக்கச் சொன்னதற்கு, பேனாவை வட்டத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். கடைசியில் பத்தில் ஒரு முள், பதினொன்றில் ஒரு முள், இரண்டும் ஒரே நீளம்.

கடைசியாக அந்தப் பத்து வார்த்தைகள்.

அம்மா இரண்டைச் சொன்னாள். மூன்றாவது நாக்கு நுனியில் இருக்கிறதென்று கண்களை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பத்துன்னு ஞாபகம் இருக்கு. ரெண்டுதான் வந்திருக்கு" என்றாள் அம்மா. "எட்டு உள்ளேயே இருக்கு. அப்படியே எழுதிக்கோ."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். இன்றைக்கே இதற்கு ஒரு நோயின் பேர் வைக்க மாட்டேன் என்றார். தைராய்டு, வைட்டமின் பி-பன்னிரண்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, சாப்பிடுகிற மாத்திரைகள், இதெல்லாம்கூட இப்படிக் காட்டும். சிலதைச் சரி செய்யலாம். ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தேடுவது வயசு. கண்ணாடியை எதற்கு மாட்டுவது என்று யோசிப்பது வேறு. தெரிந்த வழி தவறுவதும் வேறு. அதை வயசு என்று தள்ளிவிடக்கூடாது என்றார்.

இது அந்த மறதி நோயாகவே இருந்தால் என்ன செய்வது என்று அம்மாதான் கேட்டாள். நேரான பதில் வேண்டும் என்பதுபோல டாக்டரையே பார்த்தாள். திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, சிஸ்டர் என்றார் டாக்டர். ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் ஏறவிடாமல் வைத்துக்கொள்வது, தினமும் நடப்பது, நன்றாகத் தூங்குவது, நாலு பேரோடு பேசிப் பழகுவது. உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை நீங்களே தீர்மானிக்க இப்போது நேரம் இருக்கிறது. முன்கூட்டியே வருவதில் இருக்கிற பெரிய லாபம் அதுதான்.

அப்பாவுக்கும் ஒரு குட்டு விழுந்தது. காது கேட்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். மேஜை டிராயரில் இருக்கிறது, இரைச்சலாக இருப்பதால் மாட்டுவதில்லை என்றார் அப்பா. காது கேட்காமல் ஒதுங்கி ஒதுங்கி இருந்தால் மூளையும் சேர்ந்து சோர்ந்துவிடும். உங்கள் மனைவிக்கு ஞாபகமாக இருக்க வேண்டுமானால் முதலில் உங்கள் தலை நன்றாக இருக்க வேண்டும், இன்றே எடுத்து மாட்டுங்கள் என்றார்.

*

ரத்தம் கொடுத்துவிட்டு, ஸ்கேனுக்கு அடுத்த வாரத்தில் தேதி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி இரண்டு. மூன்று பேருமாக நேரே பள்ளிக்கே போனார்கள். பஸ்ஸில் அப்பா எதுவும் பேசவில்லை. சொல்லிக்கொண்டு வருவதற்கு இனி அவசியமில்லையா, சொல்லத் தெம்பில்லையா, தெரியவில்லை.

வழியெல்லாம் மூத்தவள் ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்கினாலும் அது கத்தி மாதிரி இருந்தது. கொஞ்ச நாளைக்கு என்று ஆரம்பிக்கலாமா, உனக்கும் ஓய்வு வேண்டும் என்று ஆரம்பிக்கலாமா. எல்லாம் புகார்ப் பிரிவில் சொல்கிற பதில் மாதிரியே இருந்தது.

பள்ளி வாசலில் மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அப்பா நிழலுக்கு ஒதுங்கினார். அம்மா கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்று, உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே வாண்டை என்கிட்ட தனியா விடாதே."

மூத்தவள் திரும்பினாள்.

"உனக்குச் சொல்ல கஷ்டமா இருக்கும்னு நானே சொல்றேன். நாளைக்கு நான் இப்படிச் சொன்னதை மறந்துட்டு, ஏன் விட மாட்டேங்கறேன்னு உன்கிட்ட சண்டைக்கு வந்தாலும் விடாதே. இப்ப சொல்றவதான் உன் அம்மா. அவ சொன்னதையே பிடிச்சுக்கோ."

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே கொட்டினார்கள். வாண்டு சிஸ்டரைப் பார்த்ததும் பையைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அம்மா குனிந்து அதன் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். மூத்தவள் அழவில்லை. நாளைக்கு மூன்று மணிக்கு யார் வந்து கூப்பிடுவது என்ற கேள்வி அழுகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மாற்றித் தராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிராயரைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தார். தூசி தட்டி, மின்கலம் மாற்றி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். வாண்டு பென்சில் சீவுகிற சத்தத்துக்கே முகத்தைச் சுளித்தார்.

டீ போட்டுக்கொண்டிருந்த மூத்தவளின் போன் அடித்தது. சின்னவன்.

அவன் அவசரத்தில் இருந்தான். அந்த இல்லத்திலிருந்து கூப்பிட்டார்களாம். இன்றே உறுதி சொல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். டாக்டர் என்ன சொன்னார், அப்பாவுக்கு அதுதானே என்று கேட்டான். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்கடுத்த வாக்கியம் அம்மாவைப் பற்றியது.

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்து, அடுப்பை அணைத்து, அது அணைந்துவிட்டதா என்று குனிந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனுக்குக் கையை நீட்டி வாங்கினாள்.

மகன் நன்றாக இருக்கிறானா, சாப்பிட்டானா என்று கேட்டாள். அவன் என்னவோ சொன்னான். கேட்டுக்கொண்டாள்.

"அந்த இடத்தை விட்டுடாதே" என்றாள். "ஆனா அப்பா பேரு வேண்டாம். என் பேரைப் போட்டு வை. நான் தெளிவா இருக்கறப்பவே போய்ப் பார்த்து, எனக்குப் பிடிச்சிருக்கான்னு சொல்லிடறேன்."

போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாண்டு சிதறிய பென்சில் தூளைக் கூட்ட விளக்குமாறு எடுக்கப் போனாள்.

மூத்தவள் கூடத்தைப் பார்த்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பேசினாலே ரெண்டு தடவை என்ன என்று கேட்கிற மனுஷன். இப்போது காதில் கருவி இருந்தது; ஒரு தடவைகூட என்ன என்று கேட்கவில்லை.

"அக்கா, அம்மா என்ன சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் புரியலை" என்று போனுக்குள் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்பா நடந்து வந்து, அவள் எதிரே நின்று, போனைத் தன்னிடம் கொடு என்று கையை நீட்டினார்.